முப்பத்தெட்டு கிலோ சைக்கிள்

கொம்மார் கட்டிய பெட்டியை விமான நிலையத் தராசில் ஏற்றியதும் முப்பத்தெட்டு என்று காட்டியது. சைக்கிள் ஒன்பது கிலோ. மீதி இருபத்தொன்பதும் பெட்டியின் எடை.

ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் சரக்கு ஏற்றியவன் அவன். கொம்மார் கட்டிய சரக்கு எந்தக் கடலிலும் அசையாது என்று அங்கே பேர். அதே கையோடு சைக்கிளையும் கட்டிவிட்டான். நாலு பக்கமும் தடித்த ஒட்டுப்பலகை, மூலைக்கு மூலை மரக்கட்டை, மேலே குறுக்கும் நெடுக்குமாக இரும்புப் பட்டை. போன வருடம் ஸ்பெயினுக்குப் போனபோது அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்திருந்தான். இறங்கிப் பிரித்தால் பின்சக்கரம் முட்டை வடிவத்தில் இருந்தது. விமானக் கம்பெனிக்கு நாலு மாதம் புகார் எழுதியதற்கு, சரியாகக் கட்டப்படவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. சக்கரம் போனதைவிட அந்த வரிதான் அவனுக்கு உறைத்தது.

காலையில் வண்டியில் ஏற்றும்போதே அவன் மனைவி ரைன்ஹில்ட பெட்டியைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாள். "உன்னப் புதைக்கக்கூட இவ்வளவு பலகை ஆகாது" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இத்தாலியில் மலைக் கணவாய் ஏறும் சைக்கிள் பந்தயம். மூன்று வருடம் குலுக்கலில் பேர் போட்டு இந்த முறைதான் அவனுக்கு எண் விழுந்திருந்தது. முதுகெலும்பில் இரண்டு வட்டு நழுவியதும் துறைமுக டாக்டர் இனி பாரத்துக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட, வாசல் கூண்டில் உட்கார்ந்து லாரி எண்களைக் குறித்துக்கொண்டிருந்தான். சைக்கிளில் குனிந்தால் மட்டும் அந்த முதுகு வலிக்காது. ஏனென்று டாக்டருக்கும் தெரியவில்லை. கூண்டுக்குள் முடிந்துபோகிற உடம்பில்லை இது என்று அந்த மலை மேல் நின்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். வேறு யாருக்கும் காட்டுவதற்காக இல்லை.

கவுண்டரில் இருந்த யோரிக் என்ற இளைஞன் துணிப்பையை முதலில் வாங்கி உள்ளே அனுப்பிவிட்டான். பெட்டியைப் பார்த்ததும் முப்பத்திரண்டுக்கு மேல் எடுக்க முடியாது என்றான். கூடுதலாகப் பணம் கட்டுகிறேன் என்று பார்த்தான் கொம்மார். முடியாது. மேலதிகாரியைக் கூப்பிடு என்றான். அவரும் இதைத்தான் சொல்வார் என்று பதில் வந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் செருமத் தொடங்கினார்கள். கடைசியில், பெரிய சாமான் எடுக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள் என்று கைகாட்டிவிட்டான்.

அங்கே ஃபதிலா நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். சுமை தூக்குகிறவர்கள் போடும் இடுப்புப் பட்டை போட்டிருந்தாள். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"யாருண்ணே கட்டினது?"

"நான்தான்."

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. தூக்கப் போறது யாரு?"

"ரெண்டு பேரு புடிச்சா..."

"ரெண்டு பேர் போட்டிருந்தா நான் எதுக்கு இந்தப் பட்டையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்? முப்பத்திரண்டுங்கிறது கம்பெனி இரக்கப்பட்டுக் குடுத்ததில்லண்ணே. வேலைய நிறுத்திட்டு வாசல்ல நின்னு வாங்கினோம்."

அறுபது கிலோ காப்பி மூட்டையைக் குறைக்கச் சொல்லி, பிப்ரவரிக் குளிரில் எண்ணெய்ப் பீப்பாய்க்குள் நெருப்புப் போட்டு மூன்று வாரம் துறைமுக வாசலில் நின்றவன் கொம்மார். அவன் முதுகை முறித்ததும் அந்த மூட்டைதான். இவளோடு சண்டை போடுகிறவன் இல்லை அவன்.

அதற்காகச் சைக்கிளை விட்டுவிட்டுப் போகிறவனும் இல்லை.

"அப்ப பெட்டி வேண்டாம்" என்றான். "இரும்பு வெட்டுற கத்தரி கிடைக்குமா?"

பழுது பார்க்கும் அறையிலிருந்து அவளே கொண்டுவந்தாள். பட்டைகள் ஒவ்வொன்றாக விண்ணென்று தெறித்தன. பலகையைக் காலால் மிதித்துப் பிரித்தான். ராத்திரி ராத்திரியாக ஒரு வாரம் உட்கார்ந்து செய்த வேலை, நாலு நிமிடத்தில் விறகாகிவிட்டது. சத்தம் கேட்டு யோரிக் ஓடிவந்தான். பெட்டி இல்லாமல் சைக்கிள் எடுக்கமாட்டோம் என்றான்.

"எங்க எழுதியிருக்கு? படி, தம்பி" என்றான் கொம்மார்.

யோரிக் கைபேசியைத் தேய்த்துத் தேய்த்துப் படித்தான். பொதியப்பட்டிருக்க வேண்டும், கைப்பிடி திருப்பியிருக்க வேண்டும், மிதிகட்டை கழற்றியிருக்க வேண்டும், டயரில் காற்று இறக்கியிருக்க வேண்டும். பெட்டி என்ற சொல் எங்கேயும் இல்லை.

பொதிவதைத் தவிர மற்ற மூன்றையும் கொம்மார் அங்கேயே செய்தான். கூடத்தின் அந்தக் கோடியில் பயணிகளின் பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றித் தருகிற கடை இருந்தது. அந்த எந்திரத்துக்குள் சைக்கிள் நுழையவில்லை. சுருளைக் கேட்டு வாங்கித் தரையில் மண்டியிட்டு அவனே சுற்றினான். ஃபதிலா பார்த்துத் தலையாட்டினாள். "இதுதாண்ணே சரி. பெட்டின்னா எறிஞ்சிருவாங்க. சைக்கிள்னு கண்ணுக்குத் தெரிஞ்சா கை கொஞ்சம் யோசிக்கும்."

தராசு பதினொன்று காட்டியது. யோரிக் சீட்டை ஒட்டினான்.

சோதனையெல்லாம் முடிந்து, பிடிக்கிற முதுகோடு வாயிலுக்கு ஓடினான் கொம்மார். எல்லோரும் ஏறிவிட்டிருந்தார்கள். வாயிலில் நின்ற அதிகாரி அம்மாள் அவன் சீட்டைப் பார்த்துவிட்டு, சைக்கிள் தாமதமாக வந்ததால் கீழேயே நிற்கிறது, நாளைச் சாயங்கால விமானத்தில் வந்துவிடும், நீங்கள் ஏறுங்கள் என்றார்.

"நாளைக்குச் சாயங்காலம் வந்து எனக்கு எதுக்கு? சுவத்துல மாட்டவா?"

"வேற வழியில்ல சார். கதவ மூடணும்."

கொம்மார் கைப்பையைக் கீழே வைத்துக் கையைக் கட்டிக்கொண்டான். கப்பல் கிளம்புகிற நேரத்தில் வேலையை நிறுத்திவிட்டு நின்றால்தான் முதலாளிக்குக் காது கேட்கும். இது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேலைமுறை.

"என் துணிப்பை உள்ள போயாச்சு. நான் ஏறலன்னா அத இறக்காம நீங்க கிளம்ப முடியாது. தேடி எடுக்க இருபது நிமிஷம். சைக்கிள ஏத்த ரெண்டு நிமிஷம். எது தோதுன்னு பாத்துக்கங்க."

போலீசைக் கூப்பிடுவேன் என்றார் அம்மாள். கூப்பிடுங்கள், அதற்கொரு பத்து நிமிடம் என்றான். பையைத் தோண்டி எடுக்கப்போவது இந்த அம்மாள் இல்லை, ஃபதிலா மாதிரி நாலு பேர் குனிந்து குனிந்து எடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் நின்றான்.

அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். கண்ணாடிக்கு வெளியே, கீழே, கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு ஆள் பளபளவென்று எதையோ தோளில் போட்டுக்கொண்டு விமானத்தின் வயிற்றை நோக்கி நடந்தான். உள்ளேயிருந்து இரண்டு கைகள் நீண்டு வாங்கிக்கொண்டன. அதன் கதவு மூடும்வரை கொம்மார் நகரவில்லை.

கடைசி ஆளாக ஏறினான். விமானம் முழுக்க அவனையே பார்த்தது. பக்கத்து இருக்கைக்காரர் கால்களை ஒதுக்கிக்கொண்டே, "ஒரு சைக்கிளுக்கா இவ்வளவு நேரம்?" என்று முனகினார்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.