பாதிக் கல்

யோலான் பாட்டி அந்தக் கல்லைப் பாதிதான் கழுவுவாள்.

தாத்தா வெண்டெல் செத்தபோதே கல்லில் இரண்டு பெயரையும் செதுக்கிவிட்டார்கள். ஹங்கேரிக்காரர் வீடுகளில் அப்படித்தான். இடப்பக்கம் தாத்தா, வலப்பக்கம் பாட்டி. பாட்டி பிறந்த ஆண்டுக்குப் பின்னால் ஒரு கோடு, அப்புறம் வெற்றிடம்.

நவம்பர்தோறும், இறந்தவர்களின் நாளன்று, பேத்தி பிரோஷ்கா காரில் கூட்டிப்போவாள். மெல்பர்னில் அந்த மாதம் சாமந்தி கிடைக்காது, ஜெரேனியம்தான். பாட்டி வினிகர் விட்டுத் தன் பாதியைத் தேய்ப்பாள். தன் பெயருக்குத் தானே பூ வைப்பாள். தாத்தாவின் பாதி பாசி ஏறிக் கறுத்துக்கொண்டே போனது. கண் தெரியவில்லை பாவம் என்றார்கள் ஹங்கேரியர் கிளப்பில்.

பாட்டிக்குக் கடைசிவரை ஊசியில் நூல் கோக்கிற கண்.

நாளை பாட்டியின் அடக்கம். மாமா காஷ்பார் வாளியும் பிரஷ்ஷுமாக வந்து தாத்தாவின் பாதிக்கு எதிரே மண்டியிட்டிருந்தார்.

"அதைத் தொடாதீங்க, மாமா" என்றாள் பிரோஷ்கா.

"கிளப்பே திரண்டு வரும்டி. அப்பா பேரு தெரிய வேண்டாமா?"

"இவர் பக்கத்துல படுக்க மாட்டேன்னு பாட்டி சொன்னாங்க. உங்ககிட்டயும் சொன்னாங்க."

"வயசான காலத்துல ஆயிரம் சொல்வா. பேரு செதுக்கியாச்சு, இடமும் இருக்கு. நாளைக்கு என்ன பேசப்போறேன்னு கேளு." தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தார். "ஐம்பத்தாறுல ஹங்கேரியில கலவரம் வந்தப்ப என்னைக் கைக்குழந்தையாத் தூக்கிக்கிட்டு எல்லைச் சேத்தை நடந்தே தாண்டினவ. முப்பது வருஷம் காலுறை ஆலை. ஒருதரம் வீட்டுக் கொல்லையில ஏப்ரிகாட் பறிக்க ஏணியில ஏறி, விழுந்து கை ஒடிஞ்சுது. மறுநாளே ஒத்தைக் கையால கசகசா ரொட்டி உருட்டினா. அந்த இடத்துல எல்லாரும் சிரிப்பாங்க பாரு."

பிரோஷ்காவுக்குக் காது சுட்டது. சின்ன வயதில் அவளும் அந்த இடத்தில் சிரித்திருக்கிறாள்.

"எந்த மரம்?"

"என்னது?"

"ஏப்ரிகாட் மரம். அந்த வீட்டுல எங்க இருந்துச்சு?"

பிரஷ் நின்றது.

"கொல்லையில துணிக்கொடி இருந்துச்சு. கோழிக்கூண்டு இருந்துச்சு. மரம் கிடையாது, மாமா. கிளப்புல முக்காவாசிப் பேர் அந்தக் கொல்லையில உக்காந்து தாத்தாவோட குடிச்சவங்க. கை எப்படி ஒடிஞ்சுதுன்னு அவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் சிரிக்கிறாங்க."

"செத்தவரைப் பத்தி இப்படி..."

"ரெண்டு பேரும் செத்தாச்சு. இன்னும் யாருக்குப் பயப்படுறீங்க?"

மாமா பிரஷ்ஷை மறுபடி வாளியில் முக்கினார்.

"வேலி ஓரமா தனி இடம் கேட்டு வச்சிருக்கேன். மகன் நீங்க சொன்னாத்தான் குடுப்பாங்களாம். இப்பவே போய்ச் சொல்லுங்க. இல்லேன்னா நாளைக்கு உங்களுக்கு அப்புறம் நான் பேசுவேன். அந்த மரத்தைப் பத்தி மட்டும்."

"மிரட்டுறியா?"

"ஆமா."

மாமா எழுந்தார். முழங்காலில் ஈர மண். தேய்த்த இடத்தில் தாத்தா பெயரின் முதல் எழுத்து வெளுத்துத் தெரிந்தது.

"அப்ப இதுல இருக்கிற அம்மா பேரு?"

"செதுக்கி எடுக்கச் சொல்லுங்க."

"அசிங்கமா பள்ளம் விழும்டி."

"விழட்டும்."

அவர் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுக் கல்லறை அலுவலகத்தை நோக்கி நடந்தார். வாளியில் தண்ணீர் மிச்சமிருந்தது. பிரோஷ்கா அதில் ஒரு சொட்டுக்கூடத் தாத்தாவின் பாதியில் படாமல் புல்லில் கொட்டினாள்.