ஆஷ்பி ஏரி வடிந்த நாள்

ஆஷ்பி ஏரியின் மதகைத் திறக்கிற அன்று காலையில் தெய்ன் ஹல்லிங்கர் குதிரைமசால் தீவன வயலை அப்படியே போட்டுவிட்டுக் கரைக்கு வந்து நின்றான். மீன்மேல் அவனுக்குப் பாசமெல்லாம் கிடையாது. அவன் கால்வாய் விவசாயிகள் சங்கத்தின் தலைவன். கிரீன் ஆற்றில் கூர்முதுகு மீன் அழிந்துவிடாமல் மாநிலம் பணம் போட்டுக் காப்பாற்றுகிறவரைதான் அந்த ஆற்றிலிருந்து எடுக்கும் கால்வாய்த் தண்ணீருக்குக் கோர்ட்டுத் தொல்லை இல்லை. மீன் போனால் தண்ணீர்மேல் கை வைப்பார்கள். ஆகஸ்டு வெயிலில் ஏரி சூடேறி மீன் திணறுகிறது என்று அவன் மனைவியின் தங்கை ஜனே வந்து நின்றபோது, மூன்றாம் அறுப்புக்கு வைத்திருந்த தண்ணீரில் ஒரு பங்கை ஏரிக்குத் திருப்ப அவன்தான் சங்கத்தோடு சண்டை போட்டான். அவன் வயலிலேயே பாதி காய்ந்துபோனது.

ஜனேவுக்கு மாநில மீன் துறையில் வேலை. பனி உருகி வெள்ளம் வரும்போது ஆற்றில் பொரித்த குஞ்சுகள் ஏரிக்குள் அடித்துக்கொண்டு வரும். கோடை முழுக்க அங்கே வளரும். பிறகு ஏரியை வடித்து, மதகுக்குக் கீழே கம்பிக் கூண்டில் விழுவதையெல்லாம் கையால் பிரித்து, உள்ளூர் மீனை மட்டும் ஆற்றில் விடுவார்கள். போன இரண்டு வருஷமும் விழுந்தது வெறும் கெண்டை, வெளியிலிருந்து வந்து பெருகிப்போன மீன்.

இந்தத் தடவை பார்க்க ஆள் வந்திருந்தது. மாநில நிதிக் குழுவில் இருக்கும் செனட்டர் கெர்மா லட்லோ, தலைநகர் சால்ட் லேக்கிலிருந்து, சேறே படாத புது ரப்பர் பூட்ஸோடு.

"பணத்தைக் கேக்குறப்ப எல்லாரும் நல்லாத்தான் பேசுறீங்க. எனக்கு மீனைக் காட்டுங்க, போதும்," என்றார்.

"காட்டுறோம், சிஸ்டர் லட்லோ. கையுறை போட்டுக்கிட்டா நீங்களே தேடலாம்," என்றாள் ஜனே, தேவாலயத்தில் ஒருவரையொருவர் அழைக்கிற முறையிலேயே.

அந்த அம்மாள் சளைக்கவில்லை. மீன் பிரிக்கிற தட்டுமுன் உட்கார்ந்துவிட்டார். கூடை கூடையாகக் கெண்டை வந்தது. சேறும் பாசியும் மூக்கைத் துளைத்தன. திடீரென்று தெய்ன் கத்தினான்.

"ஏய் ஜனே! இங்க பாரு! வாய் கீழ பாத்து இருக்கு!"

ஜனே ஓடி வந்து பார்த்தாள். "இது சாதா உறிஞ்சி மீனு. ஆறு பூரா கெடக்கு. கூர்முதுகுக்கும் இதே வாய்தான், ஆனா முதுகுத் துடுப்புல முள்ளு அதிகமா இருக்கும். மாட்டைப் பாத்து ஆடுன்னு சொல்றியே, நீயெல்லாம் பண்ணைக்காரனா?"

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். தெய்னுக்குக் காது சிவந்தது. ஆனால் அதற்குப்பின் தட்டைவிட்டு அவன் கண்ணை எடுக்கவில்லை. சாப்பிடக்கூடப் போகவில்லை.

மத்தியானம் தாண்டியபோது ஏரியின் நடுவிலிருந்து பாசி மொத்தமாகப் பெயர்ந்து வந்து கூண்டை அடைத்துக்கொண்டது. தண்ணீர் பின்னால் ஏறியது. கூண்டு ஒருமுறை முனகி, ஒருபக்கமாகத் தூக்கிக்கொண்டு சாய்ந்தது. பக்கவாட்டில் தண்ணீர் பாய்ந்து, மீனெல்லாம் கலந்துகட்டி ஆற்றைப் பார்த்து ஓட ஆரம்பித்தது.

"ஷட்டரை இறக்குங்க!" என்று ஜனே அலறினாள். இறக்கினார்கள். ஒரு மரக்கட்டை குறுக்கே சிக்கி, ஷட்டர் பாதியில் நின்றது. "போச்சு! எதுவுமே தெரியாமப் போயிடும்!"

தெய்ன் அதற்குள் தன் வண்டிக்கு ஓடியிருந்தான். வயலுக்குத் தண்ணீர் மறிக்கிற படுதா எப்போதும் அதில் கிடக்கும்: நீளக் கழியில் தைத்த கனத்த துணி. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, மதகிலிருந்து ஆற்றுக்குப் போகும் ஓடைக்குள் குதித்தான். இடுப்பளவு தண்ணீர் ஆளையே தள்ளியது.

"அந்த முனையை யாராச்சும் புடிங்க!"

பக்கத்தில் நின்றது செனட்டர்தான். யோசிக்கவே இல்லை, பூட்ஸுக்குள் தண்ணீர் புக இறங்கிக் கழியைப் பிடித்துவிட்டார்.

"கரையில முட்டுக் குடுங்க! அப்படியே அமுக்குங்க! விட்டுறாதீங்க, சிஸ்டர்!"

"நான் ஆட்டுப் பட்டியில பொறந்தவ! நீ உன் பக்கத்தைப் பாரு!"

தண்ணீரே துணியை அழுத்தித் தரையோடு ஒட்ட வைத்தது. ஓட்டம் அடங்கியது. படுதாவுக்கு முன்னால் குளம்போலத் தேங்கிய இடத்தில் மீன்கள் துள்ளின. ஜனே வலையை வீசி அள்ளினாள். கெண்டை, கெண்டை, மறுபடியும் கெண்டை. பிறகு அவள் கை அப்படியே நின்றது.

ஒரு சாண்கூட இல்லாத மீன். முதுகு ஆலிவ் நிறம், வயிறு வெளிர் மஞ்சள். அவள் அதை ஈரக் கையில் ஏந்தி, முதுகுத் துடுப்பை விரித்து, ஒவ்வொரு முள்ளாக எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது. தெய்ன் கழியைப் பிடித்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தான். சந்தேகத்தில் அவள் இன்னொரு தடவை எண்ணினாள்.

"சொல்லித் தொலையேன்டி!"

"அதேதான்," என்றாள். "தெய்ன், அதேதான்! நம்ம ஏரியில வளந்தது!"

தெய்ன் போட்ட கூச்சலில் நாணலிலிருந்து வாத்துக் கூட்டம் கிளம்பிவிட்டது. கையிலிருந்த கழியை மறந்துபோய் இரண்டு கையையும் தூக்கினான். "புடிடா கழியை!" என்று செனட்டர் அதட்டிய பிறகுதான் நினைவு வந்தது. அடுத்த வலையில் இன்னொன்று. அதற்கடுத்ததில் மூன்று ஒன்றாக. வலை வரும்போதெல்லாம் கரை முழுக்க ஆரவாரம், கால்பந்து ஆட்டத்தில்கூட அந்த ஊரில் அப்படிக் கத்தியதில்லை. கூண்டை நிமிர்த்தி, கட்டையை உருவி எடுக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. வாளிகளில் கூர்முதுகுக் குஞ்சுகள் நெளிந்தன.

ஒரு வாளியைத் தெய்னே ஆற்றுக்குச் சுமந்தான். யாரையும் தொடவிடவில்லை. செனட்டர் சூடான சாக்லேட் பானக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, நனைந்த காலுறையோடு பின்னாலேயே வந்தார்.

"உங்க குழு என்ன செய்யும்?" என்று கேட்டான்.

"குழுவுக்காக நான் பேச முடியாது. என் ஓட்டு உங்களுக்கு. மத்தவங்களோட சண்டை போடணும்."

போட்டார். பிப்ரவரியில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிதி தேறியது, கேட்டதைவிடக் குறைவாக, இரண்டு வருஷத்துக்கு மட்டும். செய்தி வந்தபோது தெய்ன் கொட்டகையில் பசுவுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தான். ஜனே போனில் சொல்லச் சொல்ல, முழங்கைவரை நனைந்த கையோடு, "ரெண்டு வருஷமா! ரெண்டு வருஷம் போதும்டி!" என்று கத்தினான். மிரண்ட பசு ஓர் உதை விட்டது. அவன் அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.