ஆளுக்கு இரண்டு ஜிபி

மூன்று மணிக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. காலை பத்து மணிக்கு என் லேப்டாப் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

விர்ச்சுவல் மெஷின் என்றால் ஒரு கம்ப்யூட்டருக்குள் குடிவைக்கும் இன்னொரு கம்ப்யூட்டர். அப்படி மூன்றை இன்டர்வியூவில் ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் இருந்தே வேலை. இல்லாவிட்டால் மறுபடி சென்னை, மறுபடி அந்த ஹாஸ்டல், மறுபடி அந்தச் சாம்பார். நினைத்தாலே அழுகை வந்தது. என்னிடம் இருந்த மெமரி எட்டு ஜிபி. மூன்று மெஷினுக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தது போக, மிச்சத்தில் லேப்டாப் மூச்சுவிட வேண்டும். அது விடுவதாக இல்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். அங்கே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜெயசித்ரா, காலேஜில் என் பக்கத்து பெஞ்ச்.

"ஏட்டி கமலினி, மெமரி ஸ்டாக் இல்லட்டி. மதுரையில இருந்து சாயங்காலந்தான் வருது."

"இன்டர்வியூ மூணு மணிக்குட்டி! சாயங்காலம் வந்து எனக்கு மாலையா போடப் போவுது?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தன் லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றினாள். அதில் இருந்த பதினாறு ஜிபி மெமரியை உருவி, பள்ளிக்கூட ரப்பரால் நுனியைத் துடைத்து, என் லேப்டாப்பில் காலியாக இருந்த இடத்தில் செருகிவிட்டாள்.

"அப்ப உனக்குட்டி?"

"சாயங்காலம் வரைக்கும் ஈ ஓட்டுதேன். நீ ஓடு மொதல்ல!"

இருபத்து நாலு ஜிபி! திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் பயந்துபோய்ச் சில்லறையைக் கேட்காமலே கொடுத்தார்.

மணி மூன்று. திரையில் இன்டர்வியூ எடுக்கும் கல்பனா மேடம். ஒன்று, இரண்டு, மூன்று என்று மெஷின்களைத் திறந்தேன். லேப்டாப் அசரவில்லை. ஆனால் உள்ளே மூன்றும் ஊர்ந்துகொண்டிருந்தன.

"ஏன் இவ்வளவு ஸ்லோ?" என்றார் மேடம்.

எனக்கு வியர்த்தது. ஹாஸ்டல் சாம்பார் வாசனையே வந்துவிட்டது. செட்டிங்ஸைத் திறந்தேன். ஆளுக்கு இரண்டு ஜிபி. அப்படியே இருந்தது!

எங்களுடையது கோயிலில் பிரசாதம் கொடுக்கும் குடும்பம். ஏழு வயதிலிருந்தே நானும் தொன்னையில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அண்டா நிறைந்திருந்தாலும் துளித்துளியாகத்தான் வைப்போம். வரிசையில் கடைசி ஆளுக்கும் போய்ச் சேர வேண்டும் அல்லவா? அந்தப் பழக்கத்தில் பெரிய அண்டாவை வாங்கி வந்துவிட்டு, பழைய துளியையே வைத்துக்கொண்டிருந்தேன். கூறுகெட்டவள்.

"மேடம், ரெண்டே நிமிஷம்!"

மூன்றையும் நிறுத்தினேன். ஆளுக்கு ஆறு ஜிபி வைத்தேன். லேப்டாப்புக்கும் ஆறு மிச்சம். மறுபடி கிளப்பினேன். அடடா, மூன்றும் பறந்தன! நாற்காலியிலேயே ஒரு துள்ளு துள்ளினேன். கேமரா ஓடுவது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"என்ன பண்ணீங்க?"

"கஞ்சத்தனத்தை விட்டேன் மேடம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "திங்கட்கிழமை சேர்ந்துக்குங்க" என்றார்.

அரைக்கிலோ பால்கோவாவோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். ஜெயசித்ரா இருண்ட திரைக்கு முன்னால் நிஜமாகவே சும்மா உட்கார்ந்திருந்தாள். மதுரைப் பார்சல் இன்னும் வரவில்லை.

"கெடச்சிருச்சுட்டி!" என்று கத்தி, ஆளுக்கு இரண்டு ஜிபி வைத்து முழித்த கதையையும் ஒரே மூச்சில் சொல்லி, டப்பாவைத் திறந்து, ஒரு துளி கிள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் கையைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள்.

"ஏட்டி, இருந்ததை அம்புட்டையும் கழட்டிக் குடுத்தவளுக்கும் ரெண்டு ஜிபிதானா?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டப்பாவோடு தூக்கி அவள் மடியில் வைத்தேன்.