எண்பத்தாறு முதல் நடைகள்

சர்வேயர் வீட்டுக் கூடத்தில் முதல் காலடித் தடம் தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே முக்காலுக்கு. நீளம் பதினொரு சென்டிமீட்டர், அகலம் ஐந்து. மூன்று தடங்கள், அதை அடுத்துத் தொப்பென்று உட்கார்ந்த வட்டமான அடையாளம். அந்த வீட்டில் இருபத்தைந்து வருடங்களாகக் கைக்குழந்தை கிடையாது. சர்வேயர் வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றிருந்தார், அளவு நாடாவிடமிருந்து அல்ல. குனிந்து அளந்து முடித்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டார். அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். பால் சிந்திக் காய்ந்தது போல வெளிறிய தடத்தை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. அது யாருடைய கால் என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது அவள் வேலையில் பாதி.

குழந்தைகள் காப்பகத்தில் ஒன்றரை வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் அறை அவள் பொறுப்பில் பத்தொன்பது வருடமாக இருந்தது. அண்ணன் அதை வெளியில் ‘ஆபீஸ்’ என்றே சொல்லிவந்தார். கணவனை இழந்து கைப்பிள்ளையோடு வந்த தங்கையை வைத்துக் காப்பாற்றியவர் என்று தெருவில் அவருக்குப் பெயர். அந்தத் தங்கையை யாராவது ஆயா என்று சொல்லிக் கேட்க நேர்ந்தால், தன் சட்டையின் கஞ்சி அந்த இடத்திலேயே கரைந்துவிடும் என்று அவர் நம்பினார்.

அந்த அறையில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. அவள் போட்டதுதான். பிள்ளைகள் விழித்திருக்கும் நேரமெல்லாம் காப்பகத்தில் கழிவதால், முதன்முதலாக நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான். அதைப் பெற்றவளிடம் சொல்லக் கூடாது. “இன்னிக்கு ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னான், வீட்டுல கொஞ்சம் கவனிச்சுக்குங்க” என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில் தாய் மூச்சிரைக்க வந்து, “அக்கா, நேத்து நடந்துட்டான்” என்பாள். அப்போது, “அட, எத்தனை அடி?” என்று வாயில் கை வைக்க வேண்டும். இப்படி அவள் விழுங்கிய முதல் நடைகள் எண்பத்தாறு.

சட்டத்துக்குக் காரணம் அவளுடைய மகள். அந்தப் பெண் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே கூடத்தில். அன்று அவள் பட்ட சந்தோஷத்தில் கலப்படமே இல்லை. பிறகு இந்த வேலைக்கு வந்து, பிள்ளைகள் நடப்பதைத் தினமும் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. முதல் நடையில் கைகள் இரண்டும் காது வரைக்கும் தூக்கியிருக்கும், கால்கள் அகன்றிருக்கும். இரண்டு மூன்று நாள் போனால்தான் கை இறங்கும், கால் நெருங்கும். ஞாயிற்றுக்கிழமை மகளின் கைகள் இடுப்பருகே இருந்தன. அப்படியானால், அந்நாளில் மகளை விட்டுவிட்டு வேலைக்குப் போன காப்பகத்தில் யாரோ ஒருத்தி அந்த முதல் நடையைப் பார்த்துவிட்டு, தனக்காக விழுங்கியிருக்கிறாள். அந்தக் காப்பகம் மூடிப் பல வருடமாகிவிட்டது, அங்கிருந்தவர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். மகளும் வளர்ந்து, தூரத்து ஊரில் வேலை பார்த்து, ஞாயிறுதோறும் போன் செய்கிறவளாகிவிட்டாள். அந்த ஒரு நடையின் மேல் இவளுக்கிருந்த ஏக்கம் மட்டும் வளரவுமில்லை, தேயவுமில்லை.

ஒரே மாதத்தில் எண்பத்தாறு நடைகளும் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. சமையலறைக்குப் போக வேண்டுமானால் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டும். எதிர்க்கடை டெய்லர் வாசலிலிருந்தபடியே எட்டிப் பார்த்தார். “என்ன சார், பேரப்பிள்ளைய ஒளிச்சு வச்சிருக்கீங்களாமே? நாங்க என்ன கடிச்சா தின்னுடுவோம்?” சர்வேயர் கதவைச் சாத்திவிட்டுத் தங்கையிடம் திரும்பினார்.

“மாசக் கடைசியோட வேலைய விட்டுடும்மா. அங்கேருந்துதானே இதெல்லாம் உன் கூட வருது?”

“விட்டா மட்டும் போயிடுமாண்ணே?”

“புதுசாவது வராதுல்ல.”

காப்பகத்துக்குக் கடிதம் வந்தது அந்த வாரம்தான். வரும் வியாழன் முதல் இரு வாரங்களுக்கு ஒருமுறை, பணியாளர்களுக்குத் துணை வருவார் என்று எழுதியிருந்தது. துணை என்றால் துணை இயக்குநரா, துணை ஆய்வாளரா என்று அறைக்குள் பெரிய வாதம் நடந்தது. “முழு அதிகாரி வர்ற அளவுக்கு நம்ம மூஞ்சிக்கு மரியாதை இல்ல, அதான் துணைய அனுப்புறாங்க” என்றாள் உதவிக்கு இருந்த குண்டக்கா. பொம்மைகளையெல்லாம் கழுவிக் காயவைத்து, சக்கரம் போன வண்டியை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து, பதிவேடுகளை அடுக்கி வைத்தார்கள். வந்த பெண் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நீட்டிய பதிவேட்டை வாங்கவில்லை.

“நான் அதிகாரி இல்லைங்க. உங்க பேச்சைக் கேக்கத் துணைக்கு வந்திருக்கேன், அவ்வளவுதான்.”

அதை நம்ப அவர்களுக்கு இன்னும் ஒரு வியாழக்கிழமை ஆயிற்று. அன்று அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. “சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப இங்கேருந்து எதைத் தூக்கிட்டுப் போறீங்க?”

“டிபன் பாக்ஸ்” என்றாள் குண்டக்கா. சிரிப்பு அடங்கியதும் சர்வேயரின் தங்கை பேசினாள். ஒரு பையன், பத்து மாதம் இருபது நாள், மஞ்சள் சட்டை. ஜன்னலிலிருந்து வாளி வரைக்கும் மூன்றடி வந்து, உட்கார்ந்து, தனக்குத் தானே கைதட்டிக்கொண்டான். சொல்லி முடித்தபோது அவள் கழுத்து வியர்த்திருந்தது. இரண்டாவது பிள்ளையைச் சொல்ல வாயெடுத்தாள், குரல் வரவில்லை. ஒரு தடவைக்கு ஒன்றுதான் என்று அதிலிருந்து தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது முதல் மூன்று தடங்களும் உட்கார்ந்த வட்டமும் இல்லை. அதே நேரத்தில் நகரின் மறுகோடியில், வங்கிக் குமாஸ்தா ஒருத்தி தன் சமையலறைத் தரையில் அவற்றைக் கண்டாள். அவள் மகனான அந்த மஞ்சள் சட்டைப் பையன் சவரம் செய்யும் வயதுக்கு வந்திருந்தான். அடுப்பை அணைத்துவிட்டு அவள் அந்தத் தடங்களின் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சர்வேயர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். “பாக்கி எண்பத்தஞ்சு. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. புதுசா வர்றதையும் சேத்தா நாலு வருஷத்துக்கு மேல ஆகும். வேலைய விட்டுட்டா அந்தத் துணையம்மா உன்கிட்ட பேசுவாங்களா?”

“வேலைல இருக்கறவங்களுக்குத்தாண்ணே வர்றாங்க.”

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். “அப்ப விடாதே. வீடு சுத்தமாகணும்.”

வருடங்கள் வியாழக்கிழமைகளாகக் கழிந்தன. இரட்டையர்கள், இடது காலைத் தேய்த்த சிறுமி, நடந்த மறுநிமிடமே தூங்கிப்போன பையன் என்று ஒவ்வொருவராகத் தத்தம் தாய்மார்களின் தரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு தடம் மறையும் முன்னும் அண்ணன் அளந்து வைத்துக்கொண்டார், அது எந்தப் பிள்ளை என்றும் கேட்டார். கை எப்போது இறங்கும், கால் எப்போது நெருங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. தரை காலியாகக் காலியாக, தங்கை மட்டும் தினமும் கதவைத் திறந்ததும் முதலில் கீழே பார்த்தாள். ஒரு வியாழனன்று துணைப் பெண்ணிடம், “இன்னொண்ணு இருக்கு, என் பொண்ணோடது. ஆனா அதை நான் பாக்கலியே” என்றாள். ஓரிடத்தில் கேட்டதை வேறோரிடத்தில் சொல்லும் வழக்கம் அந்தப் பெண்ணுக்கு இல்லை. அவள் வேறு பல காப்பகங்களுக்கும் போய்வருகிறவள். “பாத்தவங்க இருப்பாங்க” என்றாள், கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் வருடம் ஒரு திங்கட்கிழமை, தங்கை வேலை முடிந்து வந்தபோது அண்ணன் தரையில் மண்டியிட்டிருந்தார். எண்பத்தாறும், பிறகு வந்தவையும் போய்விட்டிருந்த தரையில் ஆறு தடங்கள் இருந்தன. இடது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. அவளுடைய மகளுக்கும் அப்படித்தான், எந்தச் செருப்பு வாங்கினாலும் இடதுதான் முதலில் தேயும். அன்று விழுங்கியவள் எங்கோ இன்று வாய் திறந்திருக்கிறாள். ஆறாவது தடம் தங்கை வழக்கமாக உட்காரும் நாற்காலியின் முன் நின்றிருந்தது.

“ரெண்டு காலுக்கும் இடைவெளி பதினெட்டு சென்டிமீட்டர், நல்லா அகண்டிருக்கு” என்றார் அண்ணன். நாடாவைச் சுருட்டினார். எல்லைக்கல் தகராறுகளில் தீர்ப்புச் சொல்லும் அதே குரலில், “முதல் நடைதாம்மா. சந்தேகமே இல்ல” என்றார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை நீட்டிப் பார்த்தாள். தூரம் சரியாக இருந்தது.

மறுநாள் டெய்லர் எட்டிப் பார்த்து, “இன்னும் ஒண்ணு மிச்சமிருக்கு போல?” என்று கேட்டார். “எங்க வீட்டுப் பொண்ணு அது” என்றார் சர்வேயர். “என் தங்கச்சி காப்பகத்துல பிள்ளைங்கள வளக்குறா, தெரியுமில்ல?” கதவைச் சாத்தவில்லை. அதன்பின் அந்த வீட்டில் தரை துடைக்கும் துணி ஆறு தடங்களைச் சுற்றிக்கொண்டு போனது.