திரை அணையும்போது

அக்காவுக்குச் சின்ன வயசில் வந்த காய்ச்சலோடு காது போய்விட்டது. அவளுக்குப் பெண் பிறந்ததும் தம்பிக்காரன் கையோடு ஒரு செயலி எழுதினான். குழந்தை பக்கத்தில் ஒரு போன் இருக்கும். குழந்தை அழுதால் அக்கா இடுப்பில் செருகியிருக்கும் போன் அதிரும். அவ்வளவுதான் அதன் வேலை. செல்போன் செய்யும் கம்பெனியின் ஆப் ஸ்டோரில் அதைப் போட்டான். காது கேளாத பெற்றோர் எங்கெங்கிருந்தோ எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு அந்தக் கம்பெனி தன் மென்பொருளைப் புதுப்பித்தது. அன்றிலிருந்து திரை அணைந்தால் செயலியின் காதும் அடைத்துக்கொண்டது. கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய அவனுக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. சரிசெய்து என்ன, ஸ்டோர் உள்ளே விட வேண்டுமே. மைக் எந்நேரமும் திறந்திருக்கிறது, அதற்கான அவசியம் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கம் பக்கமாக விளக்கி எழுதினான். அதே பதில் வந்தது, ஒரு கமாகூட மாறாமல்.

அக்கா வீட்டில் குழந்தை பக்கத்துப் போனில் கேபிளை மாட்டி, திருத்திய செயலியை நேராகவே ஏற்றிவிட்டான். முகம் தெரியாதவர்களின் போனுக்கு எந்தக் கேபிளை மாட்டுவது? ஒரு தகப்பன் எழுதியிருந்தார்: குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிவிட்டதாம், பக்கத்து வீட்டுக்காரர் வந்து தோளைத் தட்டிய பிறகுதான் தெரிந்ததாம், எப்போது சரியாகும் என்று கேட்டிருந்தார். கோபமாகக்கூட எழுதவில்லை. அதுதான் இவனைப் போட்டுக் குடைந்தது.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, பதில் வந்ததா வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். டீ ஆறி ஏடு கட்டியது. எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா மேஜைமேல் உள்ளங்கையை வைத்தாள்.

"காலை ஆட்டாதே. மேஜை நடுங்குது. போன்தான் அதிருதோன்னு எடுத்து எடுத்துப் பாத்து ஓஞ்சுட்டேன்."

அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நிதானமாக நடந்ததைச் சொன்னான். அவன் எழுதியதை வாங்கிப் படித்தாள்.

"கால்ல விழுந்து கெஞ்சுற மாதிரி இருக்கு. தள்ளு."

அவளே எழுதினாள். தனக்குக் காது கேட்காது. மகள் எப்போது அழுவாள் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால்தான் மைக் எந்நேரமும் திறந்திருக்கிறது. அதோடு முடித்துவிட்டாள்.

சாயங்காலமே பதில் வந்தது. இந்த முறை கேள்வி வேறு: யாருடைய குரல் கேட்கப்படுகிறதோ அவரிடம் சம்மதம் வாங்கியாகிவிட்டதா?

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். மகளைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"தாய்மாமன்தானே, நீயே கேட்டு வாங்கு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை அவன் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது.

கடைசியில் இறங்கித்தான் போனான். திரை எரியும்போது மட்டும் வேலை செய்கிற மாதிரி செயலியை வெட்டிச் சுருக்கி அனுப்பினான். உடனே அனுமதி கிடைத்தது. போனைச் சார்ஜரிலேயே வைக்கச் சொல்லி, திரையை அணையவிட வேண்டாம் என்று அந்தத் தகப்பனுக்கு எழுதினான். நன்றி சொல்லிப் பதில் வந்தது. திரை அணையாமல் இருக்கிறதா என்று அவரும் மனைவியும் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களாம்.

முறை வைத்துப் பார்ப்பதென்றால் குழந்தையையே பார்த்துவிடலாமே, செயலி எதற்கு? மடிக்கணினியை மூடினான். எழுந்து ஜன்னல்வரை போனான். திரும்பி வந்து திறந்தான். குழந்தையின் சார்பில் அதன் தாய் சம்மதிக்கிறாள் என்று தொடங்கி, அடுத்த விண்ணப்பத்தை எழுத ஆரம்பித்தான்.