கைதட்டாதவர்கள் பட்டியல்

அரசாங்கம் வீதிக்கு வீதி கேமரா வைப்பதைக் கண்டித்து எதிர்க்கட்சி கூட்டம் போட்டது. அந்தக் கூட்டத்துக்கே கேமரா மாட்டித் தரும்படி கேமராக் கடைக்காரனைக் கூப்பிட்டவர், அவன் மனைவியின் அண்ணன். கட்சியின் வட்டச் செயலாளர்.

"கேமரா வேண்டாம்னுதானே மச்சான் கூட்டமே?"

"அது அரசாங்கத்தோடது மாப்ள. இது நம்மளோடது. தலைவர் பேசறப்ப எவன் கைதட்டல, எவன் கொட்டாவி விடறான்னு நமக்குத் தெரிய வேண்டாமா?"

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சானாயிற்றே என்று ஏணியில் ஏறி, கட்சிக்காரர்கள் சொன்ன இடத்திலெல்லாம் மாட்டினான்.

"நம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க இவர்கள் யார்?" என்று மேடையில் தலைவர் முழங்கினார். பக்கத்து அறையில் கேமராக் காட்சி ஓடும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கைதட்டாதவர்களின் பெயர்களைச் செயலாளர் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் முகம் தொங்கிப்போய்க் கடைக்கு வந்தார். தலைவர் பேசும்போது ஒருமுறைகூடக் கைதட்டவில்லை என்று கட்சி அவரிடமே விளக்கம் கேட்டிருந்தது.

"நான் தனி அறையில இருந்தேன். எப்படி மாப்ள தெரிஞ்சுது? மண்டபத்துல மூணுதானே மாட்டச் சொன்னேன்?"

"நாலாவது உங்க தலைக்கு மேல மச்சான். தலைவர் மாட்டச் சொன்னாரு. அதுவும் நம்மளோடதுதான்."