காது மடிக்காத நீதிபதி

புத்தகத்தில் பக்கத்தைக் காது மடித்தால் நீதிபதி வெங்கடரமணனுக்குக் கெட்ட கோபம் வரும். படிப்பைக் காலால் மிதிப்பதும் பக்கத்தை மடிப்பதும் அவருக்கு ஒன்றுதான். பத்து வயதில் பூகோளப் புத்தகத்தில் ஒரு மூலையை மடித்ததற்காக மகள் ஜானு வாங்கிய அறையில் உதடு கிழிந்து, இரண்டு நாளைக்கு மோர்சாதம்கூட எரிந்தது. மனிதர் அறைந்துவிட்டு, புத்தகத்தை எடுத்துச் சாவதானமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்தை மடிப்பதற்குப் பதில், கைக்குக் கிடைத்த காகிதம் எதையாவது அடையாளத்துக்குச் செருகுவார். பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, பால் கார்டு, எதுவானாலும் சரி. கோர்ட்டில் உட்கார்ந்து குறிப்பெழுதும் நோட்டிலும் அதே வழக்கம்.

அந்த வழக்கம் ஒரு குடும்பத்தையே நாசம் செய்தது என்று ஜானுவுக்குத் தெரிந்தது ஐம்பத்தெட்டாவது வயதில், ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய நோட்டுகள், கடிதங்கள், டைரிகள் எல்லாவற்றையும் ஒரு நூலகத்துக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. மூன்று மணிக்கு வண்டி வரும். ஏற்பாடு முழுக்கத் தம்பி ஸ்ரீரங்கனுடையது. அவன் பெரிய வக்கீல். நீதிபதி நியமனத்துக்குப் போன பட்டியலில் அவன் பெயர் இருந்தது. அப்பாவின் நேர்மையைப் பற்றி நாலு பேர் பேசினால் அவனுக்கும் நல்லதுதானே. காகிதங்களைத் தூசி தட்டி அடுக்கும் வேலை மட்டும் வழக்கம்போல ஜானு தலையில் விழுந்தது.

தொண்ணூற்றாறாம் வருஷத்து நோட்டை உதறியபோது நடுவிலிருந்து ஒரு தாள் நழுவி விழுந்தது. அரசு ஆஸ்பத்திரியில் காயங்களைப் பதியும் ஏட்டின் தாள். மேலே கோர்ட் முத்திரை. 'அரசுத் தரப்புச் சான்று 7' என்ற குறிப்பு. அதன் கீழே அப்பாவின் கையெழுத்து.

ஜானு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தாளைக் கேட்டுத்தான் அவள் இருபத்தாறு வருஷமாகத் தெருவில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

அங்கமுத்து கடலோரக் குப்பத்து மீனவன். படகு இன்ஜின் ஒன்று காணாமல் போன புகாரில் போலீஸ் பிடித்துப் போய் மூன்று நாள் வைத்திருந்து, நாலாம் நாள் மாலை குப்பத்து மணலில் மூட்டையாகத் தள்ளிவிட்டுப் போனது. மனைவி பச்சையம்மா மீன் வண்டியில் அவனை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் காயங்களை எண்ணி எழுதினார். விடிவதற்குள் போலீஸ் திரும்பி வந்து அவனைக் கட்டிலிலிருந்து இழுத்துப் போனது. காலையில் பிணம்தான் கிடைத்தது. குடித்துவிட்டுப் பாறையில் விழுந்தான், அவனை எந்த டாக்டரும் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரி என்பது பெண்டாட்டி கட்டிய கதை என்றார்கள்.

செஷன்ஸ் நீதிபதியாக இருந்த வெங்கடரமணன் அந்தக் கதையை நம்பவில்லை. ஐந்து போலீஸ்காரர்களுக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தார். ஆனால் மேல்முறையீட்டில் வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் ஏழாம் சான்று இல்லை. டாக்டர் செத்துப்போயிருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்த பிரதியைக் கரையான் தின்றிருந்தது. இல்லாத காகிதத்தை நம்பித் தண்டனை கொடுக்க முடியாது, பச்சையம்மாவின் சாட்சி புனைவு என்று எழுதி ஐந்து பேரையும் விட்டுவிட்டார்கள். தீர்ப்பு வந்த வாரமே மாமியார் வீட்டில் பச்சையம்மாவை விரட்டினார்கள். ஆஸ்பத்திரிக்கு நீ கொண்டுபோயிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான், போகாமலே போனதாகச் சொல்லிக் கோர்ட்டிலும் மானத்தை வாங்கினாய் என்று சொல்லி விரட்டினார்கள்.

அன்றிலிருந்து ஜானு அவளுக்காகப் போராடினாள். ஏழாம் சான்றைத் திருடியவன் யார் என்று ஊர்வலம், மனு, உண்ணாவிரதம். மேடைக்கு மேடை, 'என் அப்பா சரியாகத்தான் தீர்ப்பெழுதினார்' என்று மார்தட்டிக்கொண்டாள். திருடன் அவள் பிறந்த வீட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

நோட்டில் தாள் இருந்த பக்கம் இங்கிலீஷில் இருந்தது. ஓரத்தில் மட்டும் பென்சிலில் தமிழ். '12-3-1999. இன்று இங்கே கண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.' அதன் கீழே, '2004. இன்னும் சொல்லவில்லை.'

இங்கேதான் ஜானு ஒரு தப்பு செய்தாள். தம்பி சட்டம் தெரிந்தவனாயிற்றே என்று அவனுக்கு போன் செய்தாள்.

ஸ்ரீரங்கன் இருபது நிமிஷத்தில் வந்து நின்றான். தாளையும் நோட்டையும் நின்றபடியே இரண்டு முறை படித்தான்.

"இதுல இப்ப ஒண்ணுமில்ல, ஜானு. அஞ்சு பேர்ல மூணு பேர் போயாச்சு. விடுதலை ஆனவாள மறுபடி கூண்டுல ஏத்தவும் முடியாது. சட்டப்படி இது வெறும் காகிதம்."

"பச்சையம்மாவுக்கு?"

"அவளுக்குத் தாளக் குடுத்துடு. நான் வேண்டாம்னா சொன்னேன்? பழைய ரிக்கார்டுல கெடச்சுதுன்னு சொல்லு. நோட்டு மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."

"அப்பாவுக்குத் தெரியும், ரங்கா. சாகற வரைக்கும் இருபத்திமூணு வருஷம் தெரிஞ்சிண்டே இருந்திருக்கார். அத எப்படிச் சொல்லாம இருக்கறது?"

"அப்பா பேர் போனா என் பேரும் போச்சு. லிஸ்ட் டெல்லில இருக்கு. என் பொண்ணு சஹானாவுக்கு வரன் பாத்துண்டிருக்கோம். ஒனக்கென்ன, குழந்தையா குட்டியா? எவளோ மீன்காரிக்காக இந்த ஆத்தையே கொளுத்துவே நீ."

கொளுத்தியது அவன்தான். நோட்டைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தான். ஜானு ஓடிப் போவதற்குள் அட்டையின் ஓரம் பிடித்துக்கொண்டது. அவள் யோசிக்கவில்லை. தீக்குள் இடது கையை விட்டு நோட்டைப் பறித்தாள். தோல் பொசுங்கிய நாற்றம் அவள் மூக்குக்கே வந்தது.

அவன் அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து மேடைக் கல்லில் மோதினான். ஒரு முறை இல்லை, மூன்று முறை. முதல் மோதலில் மூக்கு உடைந்தது, இரண்டாவதில் புருவம் பிளந்தது, மூன்றாவதில் கண்ணில் ரத்தம் இறங்கி ஒன்றும் தெரியவில்லை. நோட்டை மார்போடு இறுக்கிக்கொண்டு குப்புற விழுந்தவளின் முதுகில் முழங்காலை ஊன்றி, வலது கையின் சுண்டுவிரலைப் பின்பக்கமாக வளைத்தான்.

"விடுடி!"

அவள் விடவில்லை. விரல் ஒடிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. அப்படியும் விடவில்லை. அவன் மோதிர விரலைப் பிடித்தான். ஜானு தலையைத் திருப்பி அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் இறங்கிற்று. அவன் அலறிக் கையை உதறிய நேரத்தில் எழுந்து, கைக்கு எட்டிய தோசைக்கல்லை எடுத்து அவன் காதோரம் பலங்கொண்ட மட்டும் அடித்தாள். ஸ்ரீரங்கன் சப்பணம் போட்ட மாதிரி அப்படியே தரையில் உட்கார்ந்தான். காதிலிருந்து வழிந்த ரத்தம் கோர்ட்டுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் இறங்கியது. வாயைத் திறந்து திறந்து மூடினான்.

முப்பது வருஷமாகத் தடியடிக்கு எதிராக மனு எழுதியவள் ஜானு. மறைத்து என்ன பயன்? அந்த நிமிஷம் இன்னொரு அடி அடிக்கத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது. அவன் கண்ணில் தெரிந்த பயம் அவளுக்கு இனித்தது. அந்த இனிப்பு தெரிந்ததும்தான் அவள் கை இறங்கிற்று. தோசைக்கல்லை மேடைமேல் வைத்தாள். தம்பிக்குக் காதில் பொத்திக்கொள்ள ஒரு துண்டைப் போட்டாள். தாளையும் கருகிய நோட்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

ஆட்டோக்காரர் அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

"சைதாப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் போங்க."

"ரத்தம் ஊத்திக்கினு கீதுமா!"

"ஊத்தட்டும். நீங்க போங்க."

வழியெல்லாம் தம்பி சொன்னதுதான் தலைக்குள் ஓடியது. தாளை மட்டும் கொடுத்தால் என்ன? பச்சையம்மாவுக்கு வேண்டியது தாள்தானே. அப்பாவைக் காட்டிக்கொடுப்பதால் அங்கமுத்து எழுந்து வரப்போகிறானா? பாலத்தில் வண்டி நின்றபோது பையைத் திறந்தாள். நோட்டை ஆற்றில் எறிந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்தாள், அவ்வளவுதான். பையை மூடவும் இல்லை.

பச்சையம்மா அரிவாள்மனையில் வஞ்சிரம் அரிந்துகொண்டிருந்தாள். மகள் முத்துமாரி சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண்.

"அய்யய்ய, இன்னாமா இது! யார் அட்ச்சது?" என்று பச்சையம்மா எழப் பார்த்தாள்.

"உக்காரு பச்சையம்மா. மொதல்ல இதப் பாரு. ஏழாம் சான்று."

பச்சையம்மாவின் கை அரிவாள்மனைமேலேயே நின்றது. முத்துமாரி கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். டாக்டர் கையெழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"மொத்தம் பத்தொம்போது காயம்மா. முதுகுல தடி வரி, ஆறு. ரெண்டு பாதத்துலயும் கீழ்ப்பக்கம் கன்னிப்போய் வீங்கி கீது. வலது கைல மூணு வெரலுக்கு நகம்…" நிறுத்திவிட்டாள்.

"படி."

"நகம் இல்ல. எடது விலா ரெண்டு ஒடஞ்சி கீது. தொடைல சிகரெட்டு சுட்டது, நாலு எடம். அதுக்குக் கீழ… வேணாம்மா."

"படிடீ! நான் தொட்டுத் தொட்டுப் பாத்த ஒடம்பு அது."

பத்தொன்பதையும் படித்தாள். பக்கத்துக் கடைக்காரிகள் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்து நின்றார்கள். கடைசி வரியை முத்துமாரி விரல் வைத்துப் படித்தாள்.

"இட்டாந்தவங்க பேரு… சம்சாரம், பச்சையம்மா. ராத்திரி எட்டு இருவது."

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினாறு வயதில் அம்மாவோடு சண்டை வந்தபோது, நீ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருந்தா நைனா சாகாது என்று கத்தியவள் அவள். அப்புறம் அதைத் திரும்பச் சொன்னதில்லை, சொன்னதை எடுத்துக்கொண்டதும் இல்லை. இப்போது அம்மாவின் மீன் செதில் ஒட்டிய காலைக் குனிந்து பிடித்துக்கொண்டாள். பச்சையம்மா அவளைத் தள்ளவுமில்லை, தூக்கவுமில்லை.

"எங்க கெட்ச்சுது இது?" என்று ஜானுவைக் கேட்டாள்.

"எங்க ஆத்துல. அப்பா நோட்டுக்குள்ள. பக்கத்துக்கு அடையாளமா வெச்சிருக்கார். மறந்துபோய்…"

"மறந்துட்டாரா? சாவுற வரிக்கும் மறந்தே இருந்தாரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் நம்புகிறவள்தான் பச்சையம்மா. ஜானுவின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பைக்குள் கைவிட்டாள். ஒடிந்த விரல் பையின் காதில் சிக்கிக் கண்ணில் நீர் வரவழைத்தது. நோட்டை வெளியே எடுத்தாள்.

"இல்ல. அவருக்குத் தெரியும். படிக்கறேன், கேளு."

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துக் குறிப்பைப் படித்தாள். இரண்டாயிரத்து நாலைப் படித்தாள். முத்துமாரி எழுந்து நின்று போனில் அதைப் படமெடுத்தாள். ஓரம் கருகி ஒட்டிக்கொண்டிருந்த பக்கத்தை ஜானு புரட்டினாள். பின்பக்கத்திலும் பென்சில் எழுத்து இருந்தது. வீட்டில் அதை அவள் பார்க்கவில்லை. பார்த்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"'2011. இன்று ஜானு வந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறாளாம். இனிமேல் எதற்கு?'"

பச்சையம்மா எழுந்தாள். மீன் ரத்தம் சொட்டும் கையாலேயே ஜானுவின் கன்னத்தில் அறைந்தாள். பிளந்திருந்த புருவம் மறுபடி திறந்துகொண்டது. இன்னொரு அறை. ஒருத்தி பச்சையம்மாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அவள் உதறிக்கொண்டு ஜானுவின் புடவைத் தோளைப் பற்றி உலுக்கினாள்.

"நான் நல்லா கீறேன்னு எவ சொன்னா? மாமியார் வூட்ல செருப்பால அட்ச்சித் தொரத்தி, பெத்த பொண்ணே என்னக் கேட்டுச்சே. நான் நல்லா கீறேன்னு அந்தாளுகிட்ட எவ சொன்னா? சொல்லு!"

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. ஜானு அவள் கையை விலக்கவில்லை.

"நான்தான் சொன்னேன், பச்சையம்மா."